அவர் வாங்கிக்கொள்ளாத சாக்பீஸ்

1

வாயை மூடிக்கொண்டு உட்காருவது எப்படி என்று கற்றுக்கொள்ள என்னைப் பட்டணத்துக்கு அனுப்பினார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். என் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து தன்னால் முடியாத காரியத்தை அரசாங்கம் செய்யப் பார்க்கிறது, நன்றாக இருக்கட்டும் என்றார்.

விஷயம் இதுதான். மலேசியாவில், கெடா மாநிலத்தில், ஒரு ரப்பர்த் தோட்டத்தின் தமிழ்ப் பள்ளியில் நான் ஆசிரியை. என் வீட்டுக்காரர் அதே தோட்டத்து ஆபீசில் கிராணி, நம் ஊர்ப் பேச்சில் கணக்குப்பிள்ளை. இங்கே தோட்டப் பள்ளிகளுக்குப் புதிதாக வருகிற ஆசிரியர்கள் நிலைப்பதில்லை. வருகிறார்கள், திணறுகிறார்கள், போய்விடுகிறார்கள். அதனால் பழைய ஆசிரியர்களில் சிலரைப் பொறுக்கியெடுத்து, வழிகாட்டி ஆசிரியர் என்று பெயர் வைத்து, புதியவர்களுக்குத் துணை நிற்கப் பயிற்சி கொடுக்கிறார்கள். அப்படிப் பொறுக்கியதில் நானும் ஒருத்தி. பள்ளி விடுமுறையில் தலை நரைத்தவர்கள் எல்லாம் முழங்கால் இடிக்கச் சின்னப் பிள்ளைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.

அங்கே சொன்ன முதல் விதி, புதியவர் பாடம் நடத்தும்போது வழிகாட்டி பின்னால் உட்கார்ந்து பார்க்க வேண்டும், பேசக் கூடாது, எழுந்திருக்கக் கூடாது என்பது. இது ஒரு பெரிய விஷயமா என்று பக்கத்தில் இருந்தவர்கள் கொட்டாவி விட்டார்கள். எனக்குக் கொட்டாவி வரவில்லை. அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை ஒரு மனிதர் படாத பாடுபட்டுச் செய்து காட்டி நான் பார்த்திருக்கிறேன்.

அந்த மனிதர் போய்விட்டார் என்ற சேதியும் அதே வாரம்தான் வந்தது. பினாங்கில் கடை வைத்திருக்கும் தொண்டிக்காரர் ஒருவர் என் வீட்டுக்காரரிடம் பேச்சுவாக்கில் சொன்னாராம், ஊரில் சீனிக்காதர் வாத்தியார் மௌத்தாகிவிட்டார் என்று. பயிற்சி முடிந்து நான் வீட்டுக்கு வந்த அன்று, தோட்டத்தை ஒட்டிய மலாய்க் கம்பத்தில், அதாவது கிராமத்தில், நோன்பு திறக்கும் முரசு அடித்தபோது நான் அடுப்படியில் நின்று அழுதேன். விடுமுறைக்கு வீட்டுக்கு வந்திருந்த என் மகள் அமுதா, யார் அவர், சொந்தக்காரரா என்று கேட்டாள். அதையும் பாதி இங்கிலீஷில்தான் கேட்டாள். பட்டணத்து இங்கிலீஷ் பள்ளியில் விடுதியில் தங்கிப் படிக்கிறவள். தமிழில் ஒரு வாக்கியம் தொடங்குவாள், நடுவில் சொல் கிடைக்காமல் நிற்பாள். நான் சட்டென்று எடுத்துக் கொடுப்பேன். அவள் சரி என்று மீதியை இங்கிலீஷில் முடித்துவிடுவாள். இப்போதெல்லாம் தொடங்குவதே குறைந்துவிட்டது.

2

நான் பிறந்தது ஆர்.எஸ்.மங்கலத்துப் பக்கம், கண்மாய்த் தண்ணீரை நம்பிய ஊர். சுதந்திரம் வந்த கையோடு எங்கள் பக்கத்தில் பள்ளிக்கூடங்கள் பெருகின. பெண்களையும் வேலைக்கு எடுக்கிறார்கள் என்று யாரோ சொல்ல, அய்யா என்னைப் பயிற்சிப் பள்ளிக்கு அனுப்பினார். படிப்பை முடித்ததும் தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோர ஊரில் தற்காலிக வேலை கிடைத்தது. வருஷக் கடைசியில் நல்ல அறிக்கை போனால் வேலை நிரந்தரமாகும். இல்லாவிட்டால் வீட்டைப் பார்க்கப் போக வேண்டியதுதான். பஸ் ஏற்றிவிடும்போதே அய்யா சொல்லிவிட்டார்.

"வேலை நெலைச்சா ஒன் இஷ்டம். நெலைக்கலைன்னா பேசாம வந்துரு. ஒன் மாமன் மகன் எத்தனை நாளைக்குத்தான் காத்துக் கெடப்பான்."

மாமன் மகன் நல்லவன்தான். ஆனால் அவனுக்கு வாக்கப்பட்டால் அதற்குப் பிறகு ஒரு புத்தகத்தைக் கையில் தொட மாட்டேன் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். ஆகவே அந்த வேலையை நான் உயிரைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி என்பது ஒரு நீளக் கொட்டகை. கீற்றுக்கூரை, இடுப்பளவு தடுப்புச் சுவர், உள்ளேயும் வெளியேயும் மணல். பிள்ளைகளில் பாதிப் பேர் கடலுக்குப் போகிறவர்களின் பிள்ளைகள். மீதிப் பேரின் அத்தாமார்கள், அதாவது தகப்பன்மார்கள், கொழும்பிலும் பர்மாவிலும் மலாயாவிலும் வியாபாரத்தில் இருந்தார்கள். தலைமையாசிரியர் சீனிக்காதர் வாத்தியார். நல்ல உயரம், வெள்ளைத் தொப்பி, மடிப்புக் கலையாத சட்டை. அவர் கணக்குச் சொல்லிக்கொடுத்தால் வெளியே வலை பொத்துகிறவர்கள் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார்கள். இதை நான் மிகைப்படுத்தவில்லை. அவருக்குப் பிறகு அப்படி ஒரு ஆசிரியரை நான் இரண்டு நாட்டிலும் பார்க்கவில்லை.

மனிதர் தங்கமானவர், அதில்தான் வினையே இருந்தது. என் வகுப்பில் நான் திணறினால் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவருக்குக் கேட்டுவிடும். உடனே எழுந்து வருவார். பெரியவர் வந்தால் நாம் என்ன செய்வோம்? ஒதுங்கி நின்று, இடது கையால் முழங்கையைத் தொட்டுக்கொண்டு, வலது கையால் சாக்பீஸை நீட்டுவேன். அவர் வாங்கிக்கொள்வார். நான் அரை மணி நேரம் குழப்பியதை அஞ்சு நிமிஷத்தில் தேங்காய் உடைத்த மாதிரி விளக்கிவிடுவார். நானே வாயைப் பிளந்துகொண்டு கேட்பேன். "அம்புட்டுத்தான் தாயி" என்று சாக்பீஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். அவருக்கு மனசு நிறைந்திருக்கும், எனக்கும் நன்றியாக இருக்கும்.

கொஞ்ச நாளில் பிள்ளைகள் என்னிடம் எதையும் கேட்பதில்லை என்பதைக் கவனித்தேன். நான் பேசும்போது கையைக் கட்டிக்கொண்டு மரியாதையாகத்தான் இருந்தார்கள். மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்பவர்களைப் போல நான் முடிக்கட்டும் என்று இருந்தார்கள். புரியவில்லையா என்று கேட்டால், பரவாயில்லை டீச்சர், சார் வருவார் என்று பதில் வரும். எனக்கு முன்னால் அந்தப் பள்ளிக்கு வந்த புதியவர்கள் ஒருவர்கூட நிலைக்கவில்லை என்று ஊரில் சொன்னார்கள். உப்புக்காற்று அவர்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்று வாத்தியார் உண்மையாகவே நம்பிக்கொண்டிருந்தார்.

3

அப்போதுதான் இராமநாதபுரத்திலிருந்து உத்தரவு வந்தது. பழைய ஆசிரியர்களுக்கு ஒரு முகாம், புதியவர்களைப் பழக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போகிறார்கள். எங்கள் கடற்கரையிலிருந்து சீனிக்காதர் வாத்தியாரைக் கூப்பிட்டிருந்தார்கள். இதில் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது என்ற முகத்தோடுதான் பஸ் ஏறினார்.

திரும்பி வந்து அவர் சொன்னதை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. முகாமை நடத்தியவர் ஒரு இன்ஸ்பெக்டர், ஒல்லியான, சத்தம் போட்டுப் பேசாத மனிதர். முதல் நாளே எழுந்து நின்று, "நீங்க எல்லாரும் நல்ல வாத்தியாருங்க, அதுதான் தொந்தரவு" என்றாராம். பிறகு ஒவ்வொருவரையும் ஒரு புதிய ஆசிரியரின் வகுப்பில் கடைசியில் உட்கார வைத்தாராம். பாடம் முடிந்ததும் புதியவர் செய்த தப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. பெரியவர் எத்தனை தடவை வாயைத் திறந்தார் என்பதைத்தான் குறித்து வைத்திருந்தாராம். அதில் எல்லோரையும்விட மோசம் நம் வாத்தியார்தான்.

"இம்புட்டு வருசமாப் பேசிச் சம்பளம் வாங்குனவனை, பேசாம இருக்கப் படின்னா எப்படி தாயி?" என்று என்னிடமே நியாயம் கேட்டார்.

அதன்பிறகு சொன்னதை அவர் சிரிக்காமல் சொன்னார். கடைசி நாளில் இன்ஸ்பெக்டர் அவரைத் தனியாகக் கூப்பிட்டு, உங்கள் பள்ளிக்கு வந்த புதியவர்கள் இப்போது எங்கே என்று கேட்டிருக்கிறார். வாத்தியார் ஒவ்வொருவராகச் சொல்லியிருக்கிறார். ஒருவர் பாம்பனில் மீன் ஏலத்துக்குக் கணக்கு எழுதுகிறார், ஒருவர் கொழும்பில் மாமன் கடையில் நிற்கிறார், ஒருவர் எங்கே போனார் என்றே தெரியவில்லை. சொல்லிக்கொண்டு வரும்போதே தனக்குக் குரல் இறங்கிவிட்டது என்றார்.

மறு வாரத்திலிருந்து என் வகுப்பில் கடைசியில் ஒரு முக்காலி போட்டு உட்கார ஆரம்பித்தார். வாயை அடக்க அவர் வீட்டம்மா ஒரு வழி சொல்லிக் கொடுத்திருந்தார்கள். சாயல்குடிக் கருப்பட்டியில் ஒரு துண்டை உடைத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார். அது கரைகிறவரை பேசக் கூடாது என்பது அவருக்கு அவரே போட்டுக்கொண்ட சட்டம். நான் தப்புச் செய்யும்போதெல்லாம் கருப்பட்டி கடபுடவென்று பல்லில் அரைபடும் சத்தம் கேட்கும். அதை வைத்தே எங்கே தப்பு என்று நான் கண்டுபிடித்துக்கொள்வேன். ஆக அப்போதும் எனக்குப் பாடம் நடத்தியது அவர்தான். பிள்ளைகளும் அந்தச் சத்தத்தைக் கேட்டு அவர் பக்கம்தான் திரும்பினார்கள்.

4

நோன்பு மாதம் பிறந்தது. கருப்பட்டிக்கு வழியில்லாமல் போனது. அந்த மாதத்தில்தான் இன்ஸ்பெக்டர் எங்கள் பள்ளிக்கு வந்தார். வாசலிலேயே, தான் புதியவரைப் பார்க்க வரவில்லை, பழையவரைப் பார்க்க வந்திருப்பதாகச் சொல்லி வாத்தியாரைப் பார்த்தார். ஆனால் என் அறிக்கையும் அவர் கையால்தான் போகும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. காலையிலிருந்து அய்யாவின் முகம் கண்முன்னே நின்றது.

வாத்தியார் கடைசியில் முக்காலியில். இன்ஸ்பெக்டர் பக்கவாட்டில், எங்கள் இரண்டு பேரையும் பார்க்கிற மாதிரி. நான் வகுத்தல் கணக்குப் போட்டேன். ஒரு தோணியில் ஆயிரத்து இருநூற்று இருபத்து நான்கு தேங்காய் வருகிறது, பன்னிரண்டு கடைக்குச் சமமாகப் பிரித்தால் கடைக்கு எத்தனை? கடகடவென்று போட்டு முடித்து, விடை பன்னிரண்டு என்று எழுதி அடிக்கோடும் இழுத்தேன்.

முன்வரிசையில் ஒரு பெண்பிள்ளை எழுந்தாள். தோணி நிறைய வந்த காய், கடைக்குப் பன்னிரண்டுதானா, மிச்சக் காய் எங்கே போனது என்று கேட்டாள். வகுப்பே சிரித்தது. நான் பலகையைப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் சரியாக இருந்தமாதிரி இருந்தது. மறுபடி பார்த்தேன். எண்கள் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. மணலில் அத்தனை பிள்ளைகளும் புரண்டு பின்பக்கம் திரும்பிய சத்தம். எனக்குத் தெரிந்ததெல்லாம் முதுகுகள்தான்.

எனக்குத் தெரிந்த மரியாதையை நான் செய்தேன். பிள்ளைகளுக்கு நடுவே நடந்துபோய், முழங்கையைத் தொட்டுக்கொண்டு, சாக்பீஸை அவரிடம் நீட்டினேன்.

தப்பு எங்கே என்று அவருக்கு முதலிலேயே தெரியும். முழங்காலில் இருந்த அவருடைய வலது கை கிளம்பியது. பாதி தூரம் வந்தது. வந்த கையைத் திருப்பி, இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகி, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டார். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. நோன்பில் உதடு வெடித்திருந்தது.

நீட்டியதை வாங்காமல் இருப்பது நம் பக்கத்தில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். எனக்கு அவமானத்தில் காது அடைத்தது. இன்ஸ்பெக்டருக்கு முன்னால் என்னைக் கைவிட்டுவிட்டார், இனி மாமன் மகன் வீட்டு நாற்றங்கால்தான் என்று நினைத்தேன். அப்புறம் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் என்னைப் பலகைக்குத் திருப்பிக் கொண்டுபோய் விட்டது.

"சரி, கடைக்குப் பன்னெண்டுன்னா, பன்னெண்டு கடைக்கும் சேத்து எத்தனை?" என்று கேட்டேன்.

வேறு யாரும் வாயைத் திறக்கப் போவதில்லை என்று தெரிந்து பிள்ளைகள் ஒவ்வொருவராக என் பக்கம் திரும்பினார்கள். நூற்று நாற்பத்து நான்கு என்றார்கள். அப்படியானால் விடை தப்பு, எங்கே தப்பினோம் என்று எல்லோரும் தேடுவோம் என்றேன். வரி வரியாக இறங்கினோம். கடைசியில் அதே பெண்பிள்ளைதான் கண்டுபிடித்தாள். "ரெண்டை எறக்குனீக டீச்சர். பத்தலைன்னதும் அடுத்ததையும் எறக்கிட்டீக. பத்தாத எடத்துல ஒண்ணுமே போடலை." அந்த இடத்தில் சைபரைப் போட்டேன். நூற்று இரண்டு. பெருக்கிப் பார்த்துத் தேங்காய் அத்தனையும் சரியாக இருக்கிறது என்று தெரிந்ததும் கொட்டகையே அதிர்ந்தது. யாரும் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

சாயங்காலம் பள்ளி விட்டதும் நான் அவரைப் பார்க்காமல் நடந்தேன். அவர் பூவரசு நிழலில் எனக்காக நின்றுகொண்டிருந்தார்.

"தாயி, வெவரம் தெரிஞ்ச நாள்லருந்து நோம்பு புடிக்கிறேன். தண்ணிக்குத் தவிச்சுருக்கேன், வெயில்ல தலை சுத்தி விழுந்துருக்கேன். இன்னைக்கு மாதிரி நான் ஒருநாளும் கஷ்டப்பட்டதில்ல."

நான் காலால் மணலைக் கிளறிக்கொண்டு நின்றேன்.

"கை தானா வந்துருச்சு, பாத்தியா? இதுக்கு முன்னாடி வந்ததுகளுக்கும் இப்பிடித்தான் வந்துருக்கும். யாரு நீட்டுனாலும் வாங்கிட்டேன் தாயி, ஒருதடவகூட வேண்டாங்கலை" என்றார். சொல்லும்போது கண் கலங்கியிருந்தது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னார்கள். அவர் வீட்டு நோன்புக் கஞ்சி அன்று எனக்கும் ஒரு தூக்கில் வந்தது.

வேலை நிரந்தரமானது. மாமன் மகன் வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். சில வருஷம் கழித்து, மலாயாவில் கிராணியாக இருந்தவரைக் கட்டிக்கொண்டு நான் இந்தத் தோட்டத்துக்கு வந்தேன். எனக்குப் பிறகு அந்தப் பள்ளிக்கு வந்த புதியவர்கள் நிலைத்தார்கள். உப்புக்காற்று எல்லோருக்கும் ஒத்துக்கொண்டது.

5

இங்கே என் பொறுப்பில் விடப்பட்டவள் லெட்சுமி. இதே தோட்டத்து லயத்தில், தொழிலாளிகளின் வரிசை வீட்டில், பிறந்த பெண். அவள் அம்மா பால்மரம் வெட்டுகிறவள், அதாவது ரப்பர் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிறவள். விடிவதற்கு முன்பே கையில் விளக்கோடு மரத்துக்கு மரம் ஓடுகிற வேலை. லெட்சுமி தட்டுத்தடுமாறிப் படித்துப் பயிற்சி ஆசிரியை ஆகியிருக்கிறாள். வழிகாட்டியின் அறிக்கை சரியாக இருந்தால் வேலை உறுதியாகும். இல்லாவிட்டால் அந்த விளக்கு அவள் கைக்கு வரும். இதை அவள் என்னிடம் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிள்ளைகள் அவளை டீச்சர் என்று கூப்பிடுவதில்லை. லயத்தில் தங்களைத் தூக்கி வளர்த்த லெட்சுமியக்காதான் அவர்களுக்கு. என்னைத்தான் டீச்சர் என்றார்கள். நான் கடைசிப் பெஞ்சில், கன்னத்தில் ஒரு துண்டு குலா மலாக்காவோடு உட்கார்ந்திருந்தேன். அது இந்த ஊர்க் கருப்பட்டி, மணம் வேறு, வேலை ஒன்றுதான்.

அன்று ஆறுகளைப் பற்றிய பாடம். இந்த மாநிலத்து ஆறுகள் எங்கே கிளம்பி எங்கே கடலில் சேர்கின்றன என்று படம் போட்டு அழகாகத்தான் சொன்னாள். ஒரு பிள்ளை கேட்டது, ஆற்றுத் தண்ணீர் உப்பு இல்லையே, அது போய்ச் சேருகிற கடல் மட்டும் ஏன் உப்பு? லெட்சுமி நின்றுவிட்டாள். அவளுக்குத் தெரியவில்லை. கடலையே அவள் எத்தனை தடவை பார்த்திருப்பாளோ.

நான் பார்த்திருக்கிறேனே. எத்தனை வருஷம் அந்த உப்புக்காற்றில் பாடம் நடத்தியிருக்கிறேன். உப்பளத்தில் தண்ணீர் வற்றி வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது என் கண்ணுக்குள் அப்படியே இருக்கிறது. இந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து என் கடலைப் பற்றி யாரும் என்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. இப்போது கேட்டிருக்கிறார்கள்.

"லெட்சுமிக்கா, டீச்சரைக் கேளுங்க" என்றது அந்தப் பிள்ளை. பெஞ்சுகள் கிரீச்சிட்டன. எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். எதிர்த் திசையிலிருந்து அந்தச் சத்தத்தை நான் கேட்பது அதுதான் முதல் தடவை. குலா மலாக்காவை விழுங்கிவிட்டு எழுந்து நின்றிருந்தேன். எப்போது எழுந்தேன் என்று எனக்கே தெரியாது.

லெட்சுமி சாக்பீஸை நீட்டவில்லை. கைக்குள் இறுக்கி வைத்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க உக்காருங்க டீச்சர்" என்றாள்.

பிறகு அந்தப் பிள்ளையைப் பார்த்து, "அவங்களைக் கேக்க வேணாம், என்னைக் கேளு. எனக்கு இப்பத் தெரியல. நாளைக்குத் தெரிஞ்சுக்கிட்டு வந்து சொல்றேன்" என்றாள்.

நான் உட்கார்ந்தேன். கோபம் வந்தது என்பதை மறைக்க விரும்பவில்லை. எங்கள் காலத்தில் ஒரு பெரியவளைப் பார்த்து உட்கார் என்று சொல்லியிருப்போமா? வீடு வந்து சேருகிறவரை அந்தப் புகைச்சல் இருந்தது. கஞ்சிக்கு உலை வைக்கும்போதுதான் தொடைக்கு அடியில் கையைச் செருகிக்கொண்ட அந்த மனிதர் ஞாபகத்துக்கு வந்தார். அவர் கையை அவரே அடக்கிக்கொண்டார். என்னை உட்கார வைக்க இந்தப் பெண் வேண்டியிருந்திருக்கிறது.

மறுநாள் அவள் ஒரு மங்குக் கிண்ணத்தில் ஆற்றுத் தண்ணீரும், ஒரு சிட்டிகை உப்பும், மண்ணெண்ணெய் அடுப்பும் கொண்டுவந்தாள். பிள்ளைகள் சுற்றி நிற்க, தண்ணீர் முழுதும் வற்றுகிறவரை காய்ச்சினாள். அடியில் ஒட்டியதை ஒவ்வொருவர் நாக்கிலும் வைத்தாள். ஆறு மண்ணிலிருந்து நாக்குக்குத் தெரியாத அளவு உப்பைக் கொண்டுபோகிறது, கடலில் தண்ணீர் மட்டும் ஆவியாகிறது, உப்பு அங்கேயே சேர்ந்துபோகிறது என்றாள். கடைசியில் எனக்கும் கொண்டுவந்து கொடுத்தாள். பிள்ளைகள் அன்று அவளை டீச்சர் என்றார்களா என்று கேட்காதீர்கள், அக்கா என்றுதான் சொன்னார்கள். ஆனால் அவளைப் பார்த்துச் சொன்னார்கள்.

6

லெட்சுமியைப் பற்றி நான் அனுப்ப வேண்டிய அறிக்கைப் படிவம் மலாயில் வந்திருக்கிறது. எனக்குக் கடை மலாய்தான் தெரியும், மீன் விலை கேட்க உதவும். அமுதாவைத்தான் உட்கார வைத்தேன். அவள் ஒவ்வொரு கேள்வியாகப் படித்துத் தமிழில் சொல்ல வேண்டும், நான் பதில் சொல்ல வேண்டும், அதை அவள் மலாயில் எழுத வேண்டும்.

பயிற்சி ஆசிரியர் வழிகாட்டியின் உதவி இல்லாமல் வகுப்பை நடத்தினாரா என்று ஒரு கேள்வி. ஆம், வகுப்பை மட்டும் அல்ல, வழிகாட்டியையும் அவரே நடத்தினார் என்று எழுதச் சொன்னேன். அமுதா நிமிர்ந்து பார்த்தாள். அப்படியே எழுதலாமா என்று கேட்டாள். அப்படியே எழுது என்றேன். நடந்ததைச் சொன்னேன். ரொம்ப நாளைக்குப் பிறகு என்னோடு சேர்ந்து சிரித்தாள்.

அடுத்த கேள்வியில் மாட்டிக்கொண்டாள். மனசுக்குள் படித்தாள், மறுபடி படித்தாள்.

"அம்மா, இவங்க கேக்குறது... அந்த டீச்சர் பிள்ளைங்க மேல... பிள்ளைங்களுக்காக... எப்படிச் சொல்றது..."

எனக்குத் தெரிந்துவிட்டது. அக்கறை, பொறுமை, இரண்டில் ஒன்றுதான். சொல் என் நாக்கு நுனிக்கு வந்து நின்றது. அவள் வழக்கம்போல என் வாயைப் பார்த்தாள். நான் மேசை மேல் இருந்த குலா மலாக்காவில் ஒரு துண்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு, கைகளைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு அவள் மறுபடி படிவத்தைக் குனிந்து பார்த்தாள். உதடுகள் அசைந்தன. தேடுகிறாள். தேடட்டும். எனக்கு வாயில் இன்னும் இனிப்பு பாக்கி இருந்தது.